மூக்கு வழியாகவா, முகத்தைத் திறந்தா, கரண்ட் வைத்தா? ஆஞ்சியோஃபைப்ரோமா வந்த பையனின் வீட்டாருக்கு

எங்கள் வார்டுக்கு இந்த நோயோடு வருகிற பையன்களின் கதை முக்கால்வாசி ஒரே மாதிரிதான் தொடங்கும். வயது 13-லிருந்து 18-க்குள். ஒரு பக்க மூக்கு மாதக்கணக்கில் அடைத்தே கிடக்கும். நடுநடுவே சில்லுமூக்கு உடையும். வலி கிடையாது. வீட்டில் உடம்புச் சூடு என்று எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைத்து, இளநீர் கொடுத்து, வெயிலில் ஆடாதே என்று அதட்டி வைத்திருப்பார்கள். ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் சட்டை முழுக்க ரத்தமாகி, வாத்தியார் போன் செய்த பிறகுதான் இ.என்.டி. டாக்டரிடம் வருவார்கள். ஸ்கேனில் பார்த்தால் மூக்கின் பின்கோடியில் ஒரு சதைக் கட்டி. "கேன்சர் இல்லை. ஆனால் ஆபரேஷன் செய்தாக வேண்டும்" என்பார் டாக்டர். முழுப் பெயர் ஜுவனைல் நேசோஃபேரிஞ்சியல் ஆஞ்சியோஃபைப்ரோமா. வார்டில் நாங்கள் ஜே.என்.ஏ. என்போம்.

அன்றோடு வீட்டாருக்குத் தூக்கம் போய்விடும். ஒரு டாக்டர் மூக்கு வழியாகவே எடுத்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் முகத்தைத் திறக்க வேண்டிவரும் என்கிறார். முதலில் ரத்தக்குழாயை அடைக்கணும், அதற்குத் தனிச் செலவு என்கிறார்கள். சொந்தக்காரர் ஒருவர், கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்தால் கரைந்துவிடுமாமே என்று போனில் சொல்கிறார். வயது ஏறினால் தானாகச் சுருங்கிவிடும், எதற்குக் கத்தி என்கிறார் மற்றொருவர். இவர்கள் சொல்வதில் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதனால்தான் முடிவெடுப்பது இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது.

நான் 17 வருடமாக இ.என்.டி. தியேட்டரில் ஸ்டாஃப் நர்ஸ். சர்ஜன் கேட்கிற கருவியை எடுத்துக் கொடுப்பது, மாப் (ரத்தம் ஒற்றும் துணி) எண்ணுவது, சக்‌ஷன் பாட்டிலில் எவ்வளவு ரத்தம் ஏறியிருக்கிறது என்று பார்த்துச் சொல்வது இதெல்லாம் என் வேலை. எந்த வழி உங்கள் பையனுக்கு என்று முடிவு செய்ய வேண்டியவர் அவனுடைய ஸ்கேனைப் பார்த்த சர்ஜன்தான். ஆனால் அவர் பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்கும்போது உங்களுக்குப் பாதிகூடக் காதில் ஏறியிருக்காது. அந்த மிச்சப் பாதியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஏன் இவ்வளவு ரத்தம்?

மூக்கின் பின்கோடியில், பக்கச் சுவரில் ஒரு சின்ன எலும்புத் துளை இருக்கிறது. மூக்குக்கு ரத்தம் கொண்டுவரும் முக்கியமான குழாய் அதன் வழியாகத்தான் உள்ளே நுழைகிறது. இந்தக் கட்டி முளைப்பது அந்தத் துளையை ஒட்டி. அதனால் பிறந்த இடத்திலேயே அதற்குத் தாராளமாக ரத்தம் கிடைத்துவிடுகிறது. சாதாரண ரத்தக்குழாயின் சுவரில் தசைப் படலம் இருக்கும். வெட்டுப்பட்டால் அது இறுகும், ரத்தம் மெல்ல நிற்கும். இந்தக் கட்டிக்குள் ஓடுகிற குழாய்களில் அந்தத் தசை இல்லை, இருந்தாலும் பேருக்குத்தான். கீறினால் குழாய் திறந்த வாயோடு அப்படியே நிற்கும்.

பெரிய கட்டியாக இருந்தாலும் சின்னதாக இருந்தாலும், எந்த வழியைப் பேசினாலும் இந்த ஒரு குணத்தைச் சுற்றித்தான் பேச்சு ஓடும். அதனால்தான் இதற்குச் சதையைக் கிள்ளிச் சோதனைக்கு அனுப்பக் கூடாது என்பார்கள். எங்களிடம் வந்த ஒரு பையனுக்கு அவர்கள் ஊர்ப்பக்கத்துக் கிளினிக் ஒன்றில், சாதாரணச் சதை வளர்ச்சி என்று நினைத்து, உட்கார வைத்தே ஒரு துண்டு கிள்ளியிருக்கிறார்கள். மூக்கிலும் வாயிலும் ரத்தம் கொட்ட, முன்னாலும் பின்னாலும் பஞ்சு அடைத்து ஆம்புலன்ஸில் அனுப்பினார்கள். வந்து சேரும்போது அவன் உள்ளங்கை வெளுத்துப்போயிருந்தது. ஒரு பக்க அடைப்பும் சில்லுமூக்கும் உள்ள வளரும் பையனுக்கு ஸ்கேன் எடுக்காமல் பயாப்ஸி என்று யார் சொன்னாலும், "முதலில் ஸ்கேன் பார்த்துவிடலாமா சார்?" என்று தயங்காமல் கேளுங்கள். சாயம் ஏற்றி எடுக்கும் சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் பெரும்பாலும் நோயை அடையாளம் காட்டிவிடும். மூக்கில் மருந்து விட்டுச் சதையைக் கரைத்துத் தருகிறோம் என்று சொல்கிறவர்களிடமும் இந்தப் பையனைக் கூட்டிப்போகாதீர்கள். அங்கே இருப்பது சாதாரணச் சதை இல்லை, பின்னிக் கிடக்கும் ரத்தக்குழாய்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இது ஏறக்குறைய ஆண் பிள்ளைகளுக்கு மட்டுமே வருகிற நோய். பெண் பிள்ளைக்கு இந்தப் பெயரைச் சொன்னார்கள் என்றால் இன்னொரு இடத்தில் காட்டி உறுதி செய்யுங்கள். குடும்பத்தில் யாருக்காவது பெருங்குடலில் நூற்றுக்கணக்கில் சதை முளைக்கும் பரம்பரை நோய் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அந்தக் குடும்பத்துப் பையன்களுக்கு இது மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக வருகிறது.

நாற்சந்தியும் நான்கு சந்துகளும்

எந்த ஆபரேஷன் என்பதைத் தீர்மானிப்பது கட்டியின் எடையோ, எத்தனை மாதமாக இருக்கிறது என்பதோ இல்லை. அது எந்தெந்தச் சந்துக்குள் நுழைந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. மூக்கின் பின்கோடியில், கன்னத்து எலும்புக்குப் பின்னால் இருக்கிற இடத்தை ஒரு நாற்சந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சந்து மூக்குக்குள் வருகிறது. ஒன்று கன்னத்துக்கும் தாடைக்கும் பின்னால் போகிறது. ஒன்று கண்குழிக்கு. ஒன்று மண்டையோட்டின் அடித்தளத்துக்கு, அதாவது மூளையின் வாசலுக்கு. கட்டி எலும்பைத் துளைப்பதைவிட, இருக்கிற சந்துகளில் புகுந்து அவற்றை அகலமாக்கிக்கொண்டு போவதுதான் வழக்கம். அதனால்தான் சிலருக்குக் கன்னம் வீங்கும், சிலருக்குக் கண் முன்னால் தள்ளும், சிலருக்கு அந்தப் பக்கக் காது மந்தமாகும்.

டாக்டர்கள் இதற்கு நிலை வகுத்திருக்கிறார்கள். பரவலாகப் பயன்படுவது 1996-இல் ராட்கோவ்ஸ்கி குழு வெளியிட்டது. ஒன்றாம் நிலை என்றால் மூக்கு, பின்மூக்கு, பக்கத்து சைனஸ் அளவில் நிற்கிறது. இரண்டு என்றால் நாற்சந்திக்குள் நுழைந்திருக்கிறது, அதைத் தாண்டி கன்னத்துப் பின்புறம் வரைகூடப் போயிருக்கலாம். மூன்று என்றால் மண்டையோட்டு அடித்தளத்தை அரித்திருக்கிறது, அல்லது உள்ளேயே போயிருக்கிறது. நீங்கள் டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது, "எந்த நிலை சார்? எந்தப் பக்கமெல்லாம் போயிருக்கு?" இதற்குப் பதில் தெரியாமல் கீழே உள்ளதைப் படித்துப் பயனில்லை.

மூக்கு வழியா, முகத்தைத் திறந்தா?

ஒரு தலைமுறைக்கு முன்னால் இந்தக் கேள்வியே கிடையாது. திறந்துதான் எடுப்பார்கள். மூக்கின் ஓரமாகக் கன்னத்தில் கீறி எடுப்பது ஒரு முறை. மேலுதட்டுக்கு உட்புறமாக வெட்டி முகத்தோலை மேலே தூக்கி, எலும்பில் ஜன்னல் திறப்பது இன்னொரு முறை. மேலண்ணத்தைத் திறந்து எடுப்பதும் உண்டு. எகிப்தைச் சேர்ந்த டாக்டர் கமெல், கேமராக் குழாயை மட்டும் வைத்து மூக்குத் துவாரம் வழியாகவே எடுத்ததை 1996-இல் எழுதினார். அதற்குப் பிறகு காற்று அந்தப் பக்கம் வீச ஆரம்பித்தது. இன்று ஒன்றாம் நிலைக் கட்டிக்கும், இரண்டாம் நிலையில் பெரும்பாலானவற்றுக்கும் எண்டோஸ்கோப்பி, அதாவது இந்தக் கேமராக் குழாய் முறைதான் முதல் வழி. என் கருத்தும் அதுவே.

காரணத்தை ரத்தக் கணக்கிலிருந்து சொல்கிறேன். தியேட்டரில் சக்‌ஷன் பாட்டிலில் மி.லி. கோடு போட்டிருக்கும். கழுவ விட்ட சலைனைக் கழித்துவிட்டு மிச்சம் எவ்வளவு என்று நான் உரக்கச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். நனைந்த மாப்பைத் தராசில் போட்டு, காய்ந்த மாப்பின் எடையைக் கழித்தால் வருவது ரத்தம், ஒரு கிராமுக்கு ஒரு மி.லி. என்று கணக்கு. 40 கிலோ எடையுள்ள பையனின் உடம்பில் மொத்தமே மூன்று லிட்டர் ரத்தத்துக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். நான் "ஐந்நூறு" என்று சொல்லும்போது மயக்க மருந்து டாக்டர் தலையாட்டுவார். "ஆயிரம்" என்று சொன்னால் ஏற்கெனவே ஒரு ரத்தப் பை தொங்கிக்கொண்டிருக்கும்.

2013-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். எண்டோஸ்கோப்பி முறையில் சராசரி ரத்த இழப்பு 540 மி.லி. சுற்று. திறந்த முறையில் 1,580 சுற்று. மூன்று லிட்டரில் ஒன்றரை லிட்டர் என்றால் பாதி. இந்த எண்ணைப் பார்த்து, திறந்து எடுக்கிறவரெல்லாம் பழைய காலத்து ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். சின்னக் கட்டிகளை எண்டோஸ்கோப்பிக்கும், மண்டைக்குள் போன பெரிய கட்டிகளைத் திறந்த முறைக்கும் அனுப்பிவிட்டு இரண்டையும் ஒப்பிட்டால் வித்தியாசம் இப்படித்தான் பெரிதாகத் தெரியும். வித்தியாசம் உண்மை. ஆனால் முழுக்க முறையால் வந்ததில்லை.

எண்டோஸ்கோப்பியின் பலம் தழும்பு இல்லாதது மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வளரும் முகத்தின் எலும்பை அறுக்காமல் விடுவது அதைவிடப் பெரிது. கேமரா மூலை திரும்பிப் பார்க்கும், பெரிதாக்கிக் காட்டும். பையன் சில நாளில் வீட்டுக்குப் போய்விடுவான். பலவீனம் என்னவென்றால், ரத்தம் பொங்கினால் லென்ஸ் மறைந்துவிடும். எதுவும் தெரியாது. துடைத்து, கழுவி, மறுபடி பார்த்து, மறுபடி துடைத்து. அந்த நேரத்தில் ஒரே சர்ஜன் ஒரு கையில் கேமராவும் மறு கையில் சக்‌ஷனுமாக நின்றால் ரத்தத்தை நிறுத்த மூன்றாவது கை இருக்காது. இரண்டு சர்ஜன்கள் சேர்ந்து, இரண்டு மூக்குத் துவாரம் வழியாகவும் நான்கு கைகளாக வேலை செய்யும்போது தியேட்டரின் நிதானமே வேறு. இதை நான் பல தடவை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அதனால் இந்தக் கேள்வியையும் கேளுங்கள்: "இரண்டு சர்ஜன்கள் சேர்ந்து செய்வீர்களா?"

திறந்த முறையின் பலம் அகலம். இரண்டு கையும் போகும், கன்னத்துக்குப் பின்னால் தூரமாகப் போன பகுதியை நேராகப் பார்த்துப் பிரிக்கலாம், ரத்தக்குழாயை முதலிலேயே கட்டலாம். கொடுக்க வேண்டிய விலையும் உண்டு. மேலுதட்டு வழியில் கன்னமும் உதடும் பல வாரங்கள் மரத்துப்போகும், மூக்கில் பொருக்குக் கட்டும். மூக்கோர வெட்டில் தழும்பு நிற்கும், சிலருக்குக் கண்ணீர் வடிவது தொடரும். அண்ண வழியில் துளை ஆறாமல் நின்றால் சாப்பாடு மூக்கில் ஏறும்.

ஒரு அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். "சிஸ்டர், முகத்துல தழும்பு விழுந்துடுமா? நாளைக்கு அவனுக்குக் கல்யாணம் காட்சின்னு ஒண்ணு இருக்கே." அவர் பையனுக்குக் கட்டி கண்குழி வரை போயிருந்தது. "அம்மா, உதட்டுக்கு உள்ளேதான் வெட்டப்போறாங்க, வெளியே தெரியாது. ஆனா தழும்புக்குப் பயந்து உள்ளே கொஞ்சம் மிச்சம் வெச்சா, ரெண்டு வருஷத்துல மறுபடி இதே பெஞ்சுல உட்கார வேண்டியிருக்கும்" என்றேன். இப்போதும் அதையே சொல்வேன்.

சில சர்ஜன்கள், "மூக்கு வழியாக ஆரம்பிப்போம். தேவைப்பட்டால் உதட்டுக்கு உள்ளேயும் வெட்டுவோம். இரண்டுக்கும் இப்போதே கையெழுத்துப் போடுங்கள்" என்பார்கள். அதைக் கேட்டு, இவருக்கே நிச்சயமில்லையே என்று பயந்து வேறு இடம் தேடிப்போன குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். என்னைக் கேட்டால் இரண்டாம் நிலையின் கடைசியில் இருக்கும் கட்டிக்கு இதைவிட நேர்மையான பதில் கிடையாது. இரண்டு வழியும் கைவசம் உள்ளவரால்தான் இப்படிச் சொல்ல முடியும். மூன்றாம் நிலை என்றால் நியூரோசர்ஜனும் கூட நிற்கிற இடம்தான் வேண்டும். அங்கே மூக்கு வழியா திறந்தா என்பது இரண்டாம்பட்சம்.

வேர்

இந்தக் கட்டி திரும்ப வருகிறது என்கிறோமே, பெரும்பாலும் அது திரும்ப வருவதில்லை. போகவே இல்லை. கோரைப்புல்லை மேலோடு பிடுங்கினால் கிழங்கு மண்ணுக்குள் நிற்கிற மாதிரிதான். லண்டனைச் சேர்ந்த ஹோவர்ட், லாயிட், லண்ட் என்ற மூவர் 2001-இல் இதைப் பற்றித் தெளிவாக எழுதினார்கள். மூக்குக்குப் பின்னால் இருக்கும் ஸ்ஃபீனாய்ட் எலும்புக்குள் ஒரு நரம்புக் கால்வாய் ஓடுகிறது, விடியன் கால்வாய் என்பார்கள். கட்டி அதன் வழியாக எலும்பின் மஜ்ஜைக்குள் விரல் விட்டிருக்கும். கண்ணுக்குத் தெரிகிற கட்டியை எடுத்த பிறகு அந்த எலும்பை டிரில் வைத்து இழைத்துச் சுத்தம் செய்தால் மறுபடி முளைப்பது நன்றாகக் குறைகிறது என்பது அவர்கள் கண்டது.

தியேட்டரில் இதை நேரடியாகப் பார்க்கலாம். கட்டி வெளியே வந்து தட்டில் விழுந்ததும் எல்லோரும் மூச்சு விடுவார்கள். ரப்பர் மாதிரி உருண்டையாக, வெளிறிய சிவப்பில் கிடக்கும். நல்ல சர்ஜன் அங்கே நிறுத்த மாட்டார். "டிரில் குடுங்க சிஸ்டர்" என்பார். அதற்கப்புறம் ஒரு மணி நேரம்கூட ஆகும். பார்க்க ஒன்றுமே நடக்காதது போல இருக்கும் அந்த ஒரு மணி நேரத்தைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். முதல் ஆபரேஷனில் திசுக்கள் அதனதன் இடத்தில் இருக்கும், எல்லை தெரியும். இரண்டாவது தடவை உள்ளே எல்லாம் தழும்போடு ஒட்டிக் கிடக்கும். அதனால் முறையைத் தேர்ந்தெடுப்பதைவிட, முதல் தடவையே வேர் வரை போகிற கையைத் தேர்ந்தெடுப்பதில் உங்கள் கவனம் இருக்கட்டும்.

குழாயை முதலில் அடைப்பதா, அடைக்காமலே எடுப்பதா?

எம்போலைசேஷன் என்பது ஆபரேஷனுக்கு 24 முதல் 72 மணி நேரத்துக்கு முன் செய்வது. தொடை இடுக்கில் ஊசி போட்டு, மெல்லிய குழாயை ரத்தநாளம் வழியாகக் கழுத்து வரை கொண்டுபோய், கட்டிக்கு ரத்தம் கொடுக்கிற கிளையில் மணல் மாதிரித் துகள்களை விட்டு அடைப்பார்கள். ஹார்ட் ஆஞ்சியோ செய்கிற மாதிரியான கேத் லேபில்தான் நடக்கும். முடிந்ததும் பையன் பல மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும். அன்று ராத்திரி கன்னத்தில் வலிக்கும், லேசாகக் காய்ச்சல் அடிக்கலாம். அது எதிர்பார்ப்பதுதான்.

பலன் தெளிவு: ரத்தம் குறையும், சர்ஜனுக்குக் கண் தெரியும். ஆபத்தும் உண்டு. துகள் தவறிக் கண்ணுக்கான குழாயிலோ மூளைக்கான குழாயிலோ போனால் பார்வை போகலாம், பக்கவாதம் வரலாம். பழகிய கையில் இது அரிது, ஆனால் கையெழுத்துப் போடும் முன் தெரிந்திருக்க வேண்டும். சில சர்ஜன்கள் வேறொரு காரணம் சொல்கிறார்கள். அடைத்த பிறகு கட்டியின் ஓரங்கள் சுருங்கிவிடும், எலும்புக்குள் போன விரல்கள் கண்ணில் படாமல் தப்பிவிடும் என்பது அவர்கள் வாதம். மூக்கோடு நிற்கும் சின்னக் கட்டிக்கு, ரத்தக்குழாயை ஆரம்பத்திலேயே கிளிப் போட்டுவிட்டு, அடைக்காமலே நன்றாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கட்டி நாற்சந்தியைத் தாண்டியிருந்தால் அடைத்துவிட்டுச் செய்வதே மேல் என்பது என் எண்ணம்.

அடைத்தாலும் ரத்தமே வராது என்று நினைக்க வேண்டாம். கட்டிக்குப் பெரும்பாலும் ரத்தம் கொடுப்பது முகத்துக்குப் போகும் வெளிக் கழுத்துநாளத்தின் கிளைகள். பெரிதான கட்டி, மூளைக்குப் போகும் உள் கழுத்துநாளத்திலிருந்தும் இழுத்துக்கொள்ளும். அந்தக் கிளைகளை அடைப்பது ஆபத்து என்று பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். "உள் நாளத்திலிருந்தும் ரத்தம் வருகிறதா?" என்று ஆஞ்சியோ முடிந்ததும் கேளுங்கள். ஆம் என்றால் ரத்ததானம் செய்பவர்களை இன்னும் இரண்டு பேராவது கூடுதலாகத் தயார் வையுங்கள்.

தேதி விஷயத்தில் கறாராக இருங்கள். அடைத்த கட்டி சும்மா இருக்காது. நாள் ஆக ஆகப் பக்கத்துக் குழாய்களிலிருந்து ரத்தம் வாங்கப் பார்க்கும். ஆபரேஷன் நாள், ரத்தம், ஐ.சி.யூ. படுக்கை மூன்றும் உறுதியான பிறகே அடைக்கப் போக வேண்டும். முன்காலத்தில் சிலர் கழுத்தில் வெளி நாளத்தையே கட்டிவிட்டு ஆபரேஷன் செய்வார்கள். அப்படிச் செய்தால், பிற்பாடு கட்டி வந்தால் குழாய் விட்டு அடைக்கிற பாதையும் மூடிவிடும்.

கரண்ட், மாத்திரை, காத்திருப்பு

கரண்ட் வைப்பது வேலை செய்யாது என்று சொல்ல முடியாது. கனடாவில் டொராண்டோவில் 55 பேருக்கு 30 முதல் 35 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவில் முதல் சிகிச்சையாகவே கரண்ட் கொடுத்து, 80 சதவீதம் பேருக்கு ஒரே சுற்றில் கட்டி அடங்கியதாக 1984-இல் எழுதினார்கள். கத்தியே இல்லாமல் 80 சதவீதம் என்றால் எந்தப் பெற்றோருக்கும் ஆசை வரும். ஆனால் கட்டி உடனே மறையாது. மெல்ல மெல்ல, வருடக் கணக்கில் சுருங்கும். அதைவிடப் பெரிய விஷயம் பையனின் வயது. 14 வயதில் முகத்தில் கரண்ட் வாங்குகிறவனுக்கு முன்னால் இன்னும் 60 வருட வாழ்க்கை இருக்கிறது. அதற்குள் கண்புரை வரலாம், முக எலும்பு வளர்ச்சி குன்றலாம், பிட்யூட்டரி சுரப்பி பலவீனமாகலாம், கரண்ட் பட்ட இடத்தில் பிற்காலத்தில் புற்றுநோயே வரலாம். கேன்சர் இல்லாத கட்டிக்குக் கேன்சர் வரும் அபாயத்தை விலையாகக் கொடுப்பது எனக்கு மனசு ஒப்பாத விஷயம். எடுக்கவே முடியாத இடத்தில், கண் நரம்பையோ மூளையின் பெரிய ரத்தக்குழாயையோ சுற்றி நிற்கிற மிச்சம் வளர்ந்துகொண்டே இருந்தால் மட்டும் கரண்ட் பற்றிப் பேசலாம். அங்கே அது உயிரையும் பார்வையையும் காப்பாற்றுகிறது.

மாத்திரை என்றால் ஃப்ளூட்டமைட். ஆண் ஹார்மோனைத் தடுக்கிற மருந்து. டெல்லி எய்ம்ஸில் 20 பேருக்கு ஆபரேஷனுக்கு முன் ஆறு வாரம் கொடுத்துப் பார்த்து 2011-இல் எழுதினார்கள். பருவம் எய்திய பையன்களுக்குக் கட்டி சராசரியாக 16 சதவீதம் போலச் சுருங்கியது. அதற்குக் கீழ் வயதுப் பிள்ளைகளிடம் பலன் நிலையாக இல்லை. கண் நரம்பை அழுத்துகிற கட்டியில் அந்தக் கொஞ்சமும் சர்ஜனுக்கு உதவும். ஆனால் ஆபரேஷனுக்குப் பதிலாக இது நிற்காது. ஈரல் பாதிக்கப்படலாம் என்பதால் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டேதான் கொடுப்பார்கள்.

காத்திருப்பு? ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கும் பையனை வைத்துக்கொண்டு 20 வயது வரை காத்திருப்பது கூடாது. அதற்குள் கட்டி கண்ணுக்கோ மூளைக்கோ வழி பார்த்துவிடும். ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு, ஆபத்தான இடத்தில் சர்ஜன் தெரிந்தே விட்ட சின்ன மிச்சத்துக்குக் காத்திருப்பு நல்ல வழி. பருவ வயது தாண்டியதும் அப்படிப்பட்ட மிச்சங்கள் வளராமல் நின்றதையும் சுருங்கியதையும் பல டாக்டர்கள் பார்த்திருக்கிறார்கள்.

பக்கத்து ஊரா, தூரத்து ஊரா?

முக்கியமான முடிவு பெரும்பாலும் இதுதான், ஆனால் யாரும் இதை ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. வீட்டுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் நல்ல இ.என்.டி. டாக்டர் இருப்பார். சைனஸ் ஆபரேஷனை அருமையாகச் செய்வார். ஆனால் கேத் லேப் அங்கே இருக்கிறதா? ராத்திரி இரண்டு மணிக்கும் ரத்தம் தருகிற ரத்த வங்கி? ஐ.சி.யூ.? இந்தக் கட்டியை அவர் இதற்கு முன் எத்தனை எடுத்திருக்கிறார்? கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படுவார்கள். நல்ல டாக்டர்கள் இதற்குக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. சிலர் அவர்களாகவே வேறு இடத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். சின்னக் கட்டி என்றாலும் நான் தூரத்து ஊரையே சொல்வேன், அங்கே இதெல்லாம் ஒரே கட்டடத்தில் இருந்தால். ஒரு இடத்தில் அடைத்துவிட்டு வேறு இடத்துக்கு ஆம்புலன்ஸில் கூட்டிப்போவது வேண்டாம்.

செலவு தாங்காது என்கிறவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை முதலில் பாருங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், அட்மிஷனுக்கு முன்பே காப்பீட்டு கவுண்டரில் இரண்டு விஷயம் தனித்தனியாகக் கேளுங்கள்: ஆபரேஷனுக்கு அனுமதி உண்டா, எம்போலைசேஷனுக்கு உண்டா? இரண்டாவதைக் கேட்காமல் விட்டுவிட்டு, கடைசி நேரத்தில் நகையை அடகு வைக்க ஓடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆபரேஷன் முடிந்து மூக்கில் அடைத்துவைத்த பஞ்சை எடுத்த பிறகு சலைன் விட்டுக் கழுவுவது மாதக்கணக்கில் தொடரும். பையன்களுக்கு அலுத்துவிடும், நீங்கள்தான் விடாமல் செய்ய வைக்க வேண்டும். மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். டாக்டர் சரி என்று சொல்லும் வரை கபடி, கிரிக்கெட் வேண்டாம். விடியன் நரம்பு போயிருந்தால் அந்தப் பக்கக் கண் காய்ந்துபோகும், சொட்டு மருந்து கேட்டு வாங்குங்கள். முதல் எம்.ஆர்.ஐ. எப்போது என்று டிஸ்சார்ஜ் அன்றே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் ஒன்று, பிறகு சில வருடங்கள் டாக்டர் சொல்கிற இடைவெளியில். பையன் நன்றாக மூச்சு விடுகிறான் என்று இதைத் தள்ளிப்போடாதீர்கள். மிச்சம் இருந்தால் அடைப்பு தெரிவதற்கு வெகு முன்பே ஸ்கேனில் தெரியும்.

ஆபரேஷனுக்கு முன் எடுத்த சி.டி., எம்.ஆர்.ஐ. ஃபிலிம்கள், ஆஞ்சியோ டிஸ்க், ஆபரேஷன் குறிப்பின் நகல் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு பீரோவில் வையுங்கள். நாலு வருடம் கழித்து அவன் வேறு ஊரில் காலேஜில் இருப்பான், அங்கே புது டாக்டர் புது ஸ்கேனில் ஒரு நிழலைப் பார்ப்பார். அது தழும்பா கட்டியா என்று சொல்ல அவருக்கு அந்தப் பைதான் வேண்டியிருக்கும்.